பித்தளையின் கழுத்து

நேற்று மகளோடு துக்ளகாபாத் கர்ணி சிங் சுடுதளத்தில் இருந்தேன். 1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டியது. அவள் சுடுவது 50 மீட்டர் ரைஃபிள். இலக்கின் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான், சட்டைப் பொத்தான் அளவு.

சூடு ஆறாத காலி உறையைக் காட்டி, "அப்பா, இதுல திரும்ப மருந்து போட முடியாதா?" என்றாள்.

பாயிண்ட் 22 தோட்டாவில் முடியாது. பற்றவைக்கும் மருந்து அடி விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி அடித்ததும் விளிம்பு நசுங்கிவிடும். 300 மீட்டர் போட்டியின் பெரிய தோட்டாக்களில்தான் உறையை மறுபடி நிரப்புவார்கள். அங்கே குண்டைப் பிடிக்கும் உறையின் கழுத்துதான் எல்லாம். ஒவ்வொரு முறை சுடும்போதும் அது விரியும். அச்சில் விட்டு மறுபடி சுருக்குவார்கள். விரிந்து சுருங்கிப் பித்தளை உறைக்கு உறை வேறாக இறுகும். ஓர் உறை குண்டை இறுக்கிப் பிடிக்கும், இன்னொன்று தளர்வாக விடும். வேகம் மாறும், குண்டு மேலும் கீழுமாகப் போய் விழும். கழுத்தின் தடிப்பு ஒரு பக்கம் கூடினாலோ குண்டு நேராகவே உட்காராது.

ஊரில் குடம் தட்டும் கன்னார் நடுநடுவே அதை நெருப்பில் காட்டுவாரே, இறுகிய பித்தளை இளக. உறையின் கழுத்துக்கும் அதே வைத்தியம்தான். இதை எண்ணினால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

உறையை நிரப்ப முடியாத எங்களுக்கு மிஞ்சுவது சோதனை மட்டும். ஒரே கம்பெனித் தோட்டா என்றாலும் தொகுதிக்குத் தொகுதி குண்டுகள் விழும் நெருக்கம் மாறும். அவள் குழலுக்கு ஒத்துப்போவதைத் தேடித்தான் வாங்க வேண்டும்.

உறையைத் தொட்டியில் போட்டுவிட்டு, பெட்டியிலிருந்த தொகுதி எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டாள்.