கணு கணுவாக ஒரு சொல்

அம்மாயி வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் உட்கார்ந்தால் முதலில் வருவது வாசம்தான். சாணி தெளித்த வாசலின் ஈர வாசம், பக்கத்து வீட்டில் கள்ளக்கா வறுக்கிற வாசம், பட்டிக்குத் திரும்புகிற ஆடுகளின் மேல் அடிக்கும் மொச்சை. இவற்றுக்கெல்லாம் பின்னால், மேட்டூர் பஸ் வந்து நின்று கால்மணி நேரம் கழித்து, சின்ன மாமனின் சட்டையோடு ஒரு மை வாசம் உள்ளே வரும். மாமன் அப்போது மேட்டூரில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தார். விரல் நுனியெல்லாம் ரிப்பன் கறுப்பு. அந்த விரலாலேயே என் கன்னத்தைக் கிள்ளுவார். அம்மாயி முந்தானையை எச்சிலில் நனைத்துத் துடைத்துவிட்டு, "புள்ளை மூஞ்சியில என்னடா திருஷ்டிப் பொட்டு" என்பாள்.

மேச்சேரி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பத்ரகாளியம்மன், இல்லாவிட்டால் ஆடு. எனக்கு மேச்சேரி என்றால் மாமனின் அரைக்குயர் நோட்டு. காக்கி அட்டை போட்டு, நடுவில் கோடு கிழித்து, இடது பக்கம் ஒரு நீளமான இங்கிலீஷ் வார்த்தை, வலது பக்கம் அர்த்தம், ஓரத்தில் சிவப்பு மையில் எத்தனை எழுத்து என்ற கணக்கு. பக்கத்தில் முதுகு பிய்ந்து மைதாப் பசை ஒட்டிய லிஃப்கோ டிக்‌ஷனரி. லிஃப்கோ என்பது லிட்டில் ஃப்ளவர் கம்பெனி என்பதன் சுருக்கம் என்று மாமன் சொன்ன நாளில், ஒரு பெயருக்குள்ளேயே பூ ஒளிந்திருக்கிறதே என்று நான் அந்த அட்டையை ரொம்ப நேரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாமன் வார்த்தையை மனப்பாடம் பண்ணச் சொன்னதே இல்லை. "கரும்பைக் கணுவுல ஒடிக்கிற மாதிரி ஒடி கண்ணு" என்பார். அஸாஸினேஷன் என்று எழுதத் தெரியாமல் வகுப்பில் நான் கொட்டு வாங்கி வந்த அன்று, கழுதை, அதற்கு மேல் இன்னொரு கழுதை, அதற்கு மேல் நான், எனக்கும் மேலே தேசம் என்று நாலு கணுவாக ஒடித்துக் கொடுத்தார். அந்த ஸ்பெல்லிங் இன்றுவரை எனக்குப் பிசகியதில்லை. உலகத்திலேயே நீளமான வார்த்தை எது என்று கேட்டுவிட்டு, இரண்டு எஸ்ஸுக்கு நடுவில் ஒரு மைல் கிடக்கிற ஸ்மைல்ஸ் என்று சொல்லிச் சிரிப்பார். டைப்ரைட்டர் என்ற பத்து எழுத்தையும் மெஷினின் மேல் வரிசையிலிருந்து விரலை இறக்காமலே அடித்துவிடலாம் என்று திண்ணைப் பலகையில் தட்டிக் காட்டுவார்.

பொழுது இறங்கியதும் புளியங்கொட்டை ஆட்டம். கான்ஸ்டான்டிநோபிள் என்று பதினாலு எழுத்தைச் சிலேட்டில் எழுதி வைத்து, அதற்குள்ளிருந்து குட்டி வார்த்தைகளைப் பொறுக்க வேண்டும். எழுத்துக்கு ஒரு கொட்டை. முதலில் டின், பிறகு லயன், பிறகு ஸ்டோன். ஒருநாள் எனக்கு ஸ்டேஷன் அகப்பட்டது. ஏழு கொட்டை! எங்கள் மேச்சேரி ரோடு ஸ்டேஷனே அந்த ஊருக்குள் இருந்ததுபோல ஒரே குதியாகக் குதித்தேன். மாமன் கொட்டைகளை எண்ணி என் டவுசர் பையில் போட்டார். ராத்திரி படுக்கும்போது அவை தொடையில் உறுத்தின. எடுத்து வைக்க மனசு வரவில்லை.

அந்த நோட்டில் இருபத்தொன்பது எழுத்தில் ஒரு வார்த்தை இருந்தது: ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன். 2018-இல் சசி தரூர் தன் புத்தகத்தை அறிவிக்கும்போது அதைப் பயன்படுத்த, ஆளாளுக்கு அகராதியைப் புரட்டினார்கள். எனக்கோ திண்ணையும் அரிக்கேன் வெளிச்சமும்தான் கண்ணில் நின்றன. ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கித் தள்ளுவது, அவ்வளவுதான் அதன் அர்த்தம். பெரியவனானபின் கணுவில் ஒடித்துப் பார்த்தேன். நாலு லத்தீன் சொற்கள்: கம்பளிப் பிசிர், அற்பம், ஒன்றுமில்லை, மயிர். கம்பளிப் பிசிர் எங்கள் ஊருக்கு ஒத்துவராது. மேச்சேரி ஆடு இறைச்சிக்கும் தோலுக்கும் பேர்போனதே தவிர, கத்தரிக்கிற அளவுக்கு அதன் உடம்பில் கம்பளி கிடையாது. ஆனால் கடைசி லத்தீன் சொல்லைப் பார்த்ததும் அம்மாயி ஞாபகம் வந்துவிட்டது. வரப்புத் தகராறில் பங்காளியைப் பற்றி அவள் சொன்னது, "என்னை ஒரு மசுராக்கூட மதிக்கல" என்றுதான். லத்தீன்காரனும் எங்கள் அம்மாயியும் ஒரே இடத்தில் கை வைத்திருக்கிறார்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில்தான் பெரியது இருந்தது. சேலம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பொது அறிவுப் புத்தகத்திலிருந்து மாமன் எடுத்தெழுதியது. நிமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். நாற்பத்தைந்து எழுத்து. அதை எழுத என் சிலேட்டில் மூன்று வரி பிடிக்கும். முதல் எழுத்து பி. எழுத வேண்டும், வாயால் சொல்லக் கூடாது. பல்பத்தை அழுத்தி எழுதி, கோவை இலையால் அழித்து, மறுபடி எழுதி, மடியெல்லாம் மாவாகப் பல்பத் தூள் கொட்டிக் கிடக்கும். ஒரு வாரத்தில் பாட்டு மாதிரி மூச்சுவிடாமல் சொல்லப் பழகிவிட்டேன். வலது பக்கத்தில் மாமன் எழுதியிருந்த அர்த்தம், 'ஒரு நோய்'. அதற்கு மேல் அவரும் தேடவில்லை, நானும் கேட்கவில்லை.

சந்தைக்கு மறுநாள் சில சமயம் அம்மி கொத்துகிற தாத்தா வருவார். "அம்மி கொத்தறதுங்கோ, ஆட்டாங்கல் கொத்தறதுங்கோ" என்ற குரல் தெருமுனையில் கேட்கும்போதே அம்மாயி அம்மியை வேப்பமரத்தடிக்கு உருட்டிவிடுவாள். சாக்கை விரித்துக் குந்தி, உளியும் சுத்தியுமாக அவர் டொக்கு டொக்கு என்று கொத்தக் கொத்த, வழுவழுத்த கல்லில் அம்மைத் தழும்புபோலப் புள்ளி விழும், பொறி பறக்கும், கருகினாற்போல ஒரு கல் வாசம் மூக்கில் ஏறும். அவர் புருவம், இமை, மீசை எல்லாம் வெள்ளைத் தூசி. நாலு கொத்துக்கு ஒருமுறை உளியை வைத்துவிட்டு இருமுவார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, உடம்பு மொத்தமும் குலுங்க இருமுவார்.

அவர் முன்னால் குந்தி, ஒருநாள் நான் நாற்பத்தைந்து எழுத்தையும் ஒரே மூச்சில் சொல்லிக் காட்டினேன். உளி நின்றது.

"ராகமாட்டம் இருக்குது சாமி. என்ன அர்த்தமுங்க?"

"ஒரு நோய் தாத்தா. இங்கிலீஷ்லயே இதுதான் பெருசு."

"அம்மாடி, இத்தனை பெரிய சீக்கு யாருக்கு வருமோ" என்று சொல்லிவிட்டு மறுபடி கொத்தத் தொடங்கினார்.

அந்தச் சொல்லை நான் ஒடித்துப் பார்க்கப் பல வருஷமாகிவிட்டது. 1935-இல் அமெரிக்காவில் புதிர் பிரியர்களின் சங்கத் தலைவராக இருந்த எவரெட் ஸ்மித், நீளத்துக்காகவே கட்டிய சொல் அது. நுரையீரல், கண்ணுக்குத் தெரியாத நுண்மை, சிலிக்கா, எரிமலை, தூசி, நோய். எரிமலையை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது சிலிகோசிஸ். கல்லை உடைக்கும்போதும் அறுக்கும்போதும் கிளம்புகிற சிலிக்காத் தூசி, மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தழும்பேற்றிவிடும். ஏறிய தழும்பு ஆறாது. காசநோய் என்று நினைத்து வைத்தியம் பார்க்கப்பட்டவர்கள் நிறையப் பேர். மத்தியப் பிரதேசத்து மந்த்சௌரில், சிலேட்டுக் குச்சி அறுத்த தொழிலாளர்களை இந்தத் தூசி இளவயதிலேயே தின்றிருக்கிறது என்று படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மடியில் மாவாகக் கொட்டிய பல்பத் தூள் விரலில் நெருநெருத்தது.

அன்று வேலை முடிந்ததும் அம்மாயி புதுக்கொத்து அம்மியில் உப்பும் தவிடும் போட்டு அரைத்துக் கழுவி, கல்மணல் போய்விட்டதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். தாத்தாவுக்குக் காசோடு ஒரு போசி சுக்குத் தண்ணியும் கொடுத்தாள். அவர் தெருமுனை திரும்பிய பிறகும் இருமல் கேட்டுக்கொண்டே இருந்தது. "தாத்தாவுக்கு என்ன அம்மாயி?" என்று கேட்டேன். தவிட்டுத் தண்ணியை வேப்பமரத்தடியில் ஊற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "கல்லுத்தூசி இருமல் கண்ணு."

பத்தே எழுத்து. டவுசர் பையில் புளியங்கொட்டை இருந்தும், அன்றைக்கு நான் அதை எண்ணவில்லை.