தண்ணீரில் கண்டம்

ஜோசியர் ஒருவர் உங்கள் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணீரில் கண்டம் இருக்கிறது" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? அன்று முதல் ஆற்றங்கரைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டீர்கள். மதுரைக்காரர்களாகிய எங்களுக்கு அந்தக் கவலை குறைவு. வருஷத்தில் பெரும்பாலான நாள் வைகையில் மணல்தானே ஓடுகிறது!

ஆனால் நான் சொல்லவந்த கண்டம் வேறு. ஆசியாக் கண்டம். நீச்சல், தண்ணீரில் பாய்தல், வாட்டர் போலோ, இசைக்கேற்ற நீர் நடனம் முதலிய விளையாட்டுகளுக்கெல்லாம் இந்தக் கண்டம் முழுவதற்குமாக ஒரு சங்கம் இருக்கிறது. முன்பு அதற்கு ஆசிய நீச்சல் சம்மேளனம் என்று பெயர். இப்போது 'ஏஷியா அக்குவாட்டிக்ஸ்' என்கிறார்கள். "இருந்துவிட்டுப் போகட்டுமே, எனக்கென்ன?" என்றுதான் நானும் இருந்திருப்பேன். என் தங்கை மகள் இருக்கவிடவில்லை.

அவளுக்கு வயது 13. சோழவந்தான் பக்கம் கொடிக்கால் வைத்திருக்கும் குடும்பம். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் இறக்கிவிட்டபோது அவளுக்கு ஐந்து வயது. பத்து நாளில் குடுக்கை கழன்றது. அதற்குப் பிறகு உள்நீச்சல், மல்லாக்கு நீச்சல், மோட்டார் ரூம் கூரையிலிருந்து பல்டி என்று அவள் பாட்டுக்கு முன்னேறிக்கொண்டே போனாள். (கடப்பாரை நீச்சல் மட்டுமே தெரிந்த நான் கிணற்று மேட்டில் நின்று கை தட்டுவேன்.)

போன வருஷம் அவள் அப்பாவிடம் யாரோ வந்து, வடக்கே ஓர் ஊரில் 'தேசியப் போட்டி' நடக்கிறது, நுழைவுக் கட்டணம் கட்டினால் போதும் என்றார்கள். ரயில் செலவு, தங்கும் செலவு எல்லாமாகக் கொடிக்காலின் ஒரு போகம் போயிற்று. பெண் தங்க மெடலோடு திரும்பினாள். கூடவே தங்க எழுத்தில் சர்டிபிகேட். அதில் 'ஏஷியன்' என்ற வார்த்தை மட்டும் மற்ற எழுத்துக்களைவிட இரண்டு பங்கு பெரிது!

விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்ப்பதற்காக அந்தச் சர்டிபிகேட்டை ஓர் அலுவலகத்தில் நீட்டினார்கள். உள்ளே இருந்தவர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தச் சங்கம் எதோடு சேர்ந்தது?" என்று கேட்டார். மாப்பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. அது எதோடும் சேர்ந்ததல்ல என்று பிறகு தெரிந்தது.

"மாமா, நான் நீந்தினது நிஜந்தானே? அப்புறம் அது எப்படிச் செல்லாமல் போகும்?" என்று கேட்டாள் குழந்தை.

நியாயமான கேள்வி. பதில் தேடித்தான் நான் ஆசியாக் கண்டம் வரை போகவேண்டியிருந்தது.

விஷயம் இதுதான். 1908-இல் லண்டனில் எட்டு நாட்டு நீச்சல் சங்கங்கள் கூடி ஓர் உலக ஸ்தாபனத்தை ஏற்படுத்தின. 'ஃபினா' என்று அதற்குப் பெயர். அதுதான் பிற்பாடு 'வேர்ல்டு அக்குவாட்டிக்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒரு நாட்டுக்கு ஒரு சங்கம். அந்தச் சங்கத்தைத்தான் அங்கத்தினராக ஏற்பார்கள். இந்தியாவுக்கு அது இந்திய நீச்சல் சம்மேளனம். அதன் கீழே மாநிலச் சங்கங்கள், அவற்றின் கீழே மாவட்டச் சங்கங்கள். கர்ணம், தாசில்தார், கலெக்டர் என்று பழைய நாளில் இருந்தது போலத்தான். மதுரை மாவட்டச் சங்கத்தின் போட்டியில் ஒரு பெண் ஓடும் நேரத்தை யாராவது கடியாரத்தில் பிடித்தால், அந்த வினாடிக்குப் பின்னால் சென்னையும், தேசிய சம்மேளனமும், ஆசியாவும், உலகமும் வரிசையாக நிற்கின்றன. வரிசையில் இல்லாத சங்கம் எத்தனை பெரிய எழுத்தில் அச்சடித்தாலும் அதற்குப் பின்னால் யாரும் இல்லை.

இதில் கண்டத்துச் சங்கத்துக்கு என்ன வேலை என்கிறீர்களா? உலகத்திலேயே இப்படி ஐந்து கண்டத்துச் சங்கங்கள் இருக்கின்றன. அவற்றில் ஐரோப்பாவினுடையது 1926-லேயே பிறந்துவிட்டது. ஆசியச் சங்கத்தில் நாற்பதுக்கும் அதிகமான நாடுகள் அங்கம். மகாநாடு கூடினால் சீனாவுக்கு எத்தனை உரிமையோ அத்தனை உரிமை மாலத்தீவுக்கும் உண்டு. அந்த மகாநாடுதான் தலைவரையும் நிர்வாகக் கமிட்டியையும் தேர்ந்தெடுக்கிறது. கமிட்டிகள் போட்டிக்கு ஊரை நிச்சயிக்கின்றன, மத்தியஸ்தர்களை அழைக்கின்றன, ஆசிய ரிக்கார்டுகளைச் சரிபார்த்து ஏற்கின்றன. உலகச் சங்கத்தின் நிர்வாகத்தில் கண்டத்துக்கு இத்தனை ஸ்தானம் என்று பங்கீடு இருப்பதால், ஓட்டு வேட்டைக்கும் குறைவில்லை. பஞ்சாயத்துத் தேர்தல் பார்த்தவர்களுக்கு அதை விவரிக்க வேண்டியதில்லை.

முதல் ஆசிய நீச்சல் சாம்பியன்ஷிப் 1980-இல் டாக்காவில் நடந்தது. பெரியவர்களுக்கான அந்தப் போட்டி இந்தியாவுக்கு வந்தது 2025-இல்தான்; செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் அகமதாபாத்தில் நடந்தது. அதற்கு முன், 2019-இல், வயதுவாரியாக நடக்கும் ஆசியப் போட்டி பெங்களூரில் நடந்திருக்கிறது. 13 வயதுப் பெண் கனவு காணவேண்டிய 'ஏஷியன்' அதுதான்.

ஆசியச் சங்கம் உண்டாவதற்கு வெகு நாள் முன்பே நாம் ஆசியாவில் ஜெயித்திருக்கிறோம். 1951-இல் டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் சச்சின் நாக் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கினார். வாட்டர் போலோவிலும் நமக்கே தங்கம். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டு நீச்சலில் இந்தியருக்குத் தங்கம் கிடைக்கவே இல்லை. 1986-இல் ஸியோலில் கஜான் சிங் வெள்ளி வாங்கினார். 2010-லும் 2014-லும் ஒவ்வொரு வெண்கலம் வந்தது. கிணறுகளுக்கா பஞ்சம் இந்த நாட்டில்?

கிணற்றில் நீந்தினால் ஏன் கணக்கில்லை என்று அடுத்தபடியாகக் கேட்டாள் மருமகள். நான் அவளை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கு அழைத்துப் போனேன். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது. ஒரு பக்கம் ஏறக்குறைய 300 மீட்டர். 'இதன் ஒரு கரையில் ஒலிம்பிக் நீச்சல் குளம் ஆறை வரிசையாகக் கிடத்தலாம். ஆனாலும் இதில் ஒரு ரிக்கார்டும் செய்யமுடியாது' என்றேன். குளம் 50 மீட்டர் இருக்கவேண்டும். சற்றுக் கூடினால் பொறுப்பார்கள், குறைந்தால் பொறுக்கமாட்டார்கள். தண்ணீரின் சூடு 25 டிகிரிக்குக் கீழும் 28-க்கு மேலும் போகக்கூடாது. கை தொட்ட மாத்திரத்தில் நேரம் பதிகிற பலகை சுவரில் இருக்கவேண்டும்.

இந்த நுணுக்கத்துக்கு ஒரு கதை உண்டு. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் கலப்பு நீச்சலில் ஸ்வீடன் தேசத்து லார்சனும் அமெரிக்காவின் மக்கீயும் நூறில் ஒரு பாகம்கூட வித்தியாசமில்லாமல் வந்து சேர்ந்தார்கள். ஆயிரத்தில் ஒரு பாகம் வரை எட்டிப் பார்த்தார்கள். லார்சன் ஆயிரத்தில் இரண்டு பாகம் முந்தி! தங்கத்தை அவருக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகுதான் யோசித்தார்கள்: குளத்தின் ஒரு பாதைக்கும் மற்றொரு பாதைக்கும் சுவரிலேயே அதைவிட அதிக வித்தியாசம் இருக்கக்கூடுமே! அதிலிருந்து நூறில் ஒரு பாகத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அதிலும் சமமானால் இருவருக்கும் ஒரே இடம்.

கடலை நீந்திக் கடக்கிற வீரர்கள் இந்த ஏணியில் ஏறியவர்கள் அல்ல என்பதையும் சொல்லவேண்டும். வல்வெட்டித்துறை ஆனந்தன் 1971-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வந்து, நிற்காமல் திரும்பியும் போனார். 51 மணி நேரம். 1984-இல் இங்கிலீஷ் கால்வாயில் அவர் உயிர் போயிற்று. நம் குற்றாலீஸ்வரன் 1994-இல் 12 வயதில் அதே கால்வாயைக் கடந்தார். அந்தச் சாதனைகளைப் பார்த்து எழுதிக்கொள்ளத் தனிச் சங்கங்கள் இருக்கின்றன.

ஏணி உச்சியில் அறுந்தாலும் கஷ்டம் அடியில் இருப்பவனுக்குத்தான். 2015-இல் சர்க்கார் தலையீடு என்று குவைத்தை ஒலிம்பிக் கமிட்டி விலக்கி வைத்தது. அடுத்த வருஷம் ரியோவில் அந்நாட்டு வீரர்கள் சொந்தக் கொடியில்லாமல் கலந்துகொண்டார்கள். நீச்சல்காரர்களும் அதில் உண்டு. துப்பாக்கி சுடுவதில் குவைத்துக்காரர் ஒருவர் தங்கமே வாங்கினார். அவருக்காக ஏறியது ஒலிம்பிக் கொடி.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மாப்பிள்ளை, "அப்போ நம்ம பிள்ளைக்கு வழி என்ன மச்சான்?" என்றார். மாவட்டச் சங்கத்தில் முறைப்படி பதிவு செய்தோம். இப்போது வாரத்தில் நாலு நாள் முதல் பஸ்ஸில் ஏறி, மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்து நீச்சல் குளத்துக்கு வருகிறாள். கிணற்றில் பழகிய உடம்புக்கு ஓட்டம் குறைவில்லை, திரும்புவதுதான் தகராறு. வட்டக் கிணற்றில் சுவரை உதைத்துத் திரும்பி யாருக்குப் பழக்கம்? முதல் மாதம் குதிகாலைச் சிராய்த்துக்கொண்டாள். இரண்டாம் மாதம் சரியாக உதைத்தாள், ஆனால் பக்கத்துப் பாதைக்குப் போய்விட்டாள்.

மாவட்டப் போட்டியில் மூன்றாவதாக வந்தாள். சர்டிபிகேட்டில் தங்க எழுத்து இல்லை, காகிதமும் சுமார்தான். மாப்பிள்ளை அதைக் கண்ணாடி போட்டு, மற்றதை இறக்கிவிட்டு அந்த ஆணியிலேயே மாட்டியிருக்கிறார்.