சம்ப்பு, இரண்டு நீமோ, 5,650 ரூபாய்

பி.காம். படிக்கிற ஆளுக்கு எதுக்கு மீன் தொட்டின்னு கேக்காதீங்க. டெபிட், கிரெடிட் பாத்துப் பாத்துப் பூத்த கண்ணுக்குக் கொஞ்சம் ஆறுதல் வேணாமா? அதுவும் சாதா கோல்டு ஃபிஷ் இல்ல, கடல் மீன். 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தைச் சின்ன வயசுல டிவியில பாத்ததிலேர்ந்து இருக்கிற ஆசை.

ஆனா வீட்டு நிலவரத்தைச் சொல்லிடறேன். முதல் மாடி, வாடகை வீடு. கீழே ஹவுஸ் ஓனர். அப்பா போட்ட ஒரே கண்டிஷன்: "தரையில ஒரு சொட்டுத் தண்ணி நின்னுச்சு, அன்னிக்கே தொட்டி வெளிய போகும்." காசு, பதினொண்ணாம் வகுப்புப் பசங்க ரெண்டு பேருக்கு அக்கவுண்டன்சி ட்யூஷன் எடுத்துச் சேத்தது. ஆக, தண்ணியும் ஒழுகக் கூடாது, பணமும் ஒழுகக் கூடாது.

சரி, மேட்டருக்கு வருவோம். சென்னைக்காரங்களுக்கு சம்ப்புன்னா விளக்கவே வேணாம். தரைக்குக் கீழ சம்ப்பு, அதுலேர்ந்து மோட்டார் போட்டு மொட்டை மாடி டேங்க்குக்கு ஏத்துவோம்ல, அதேதான். ஒரே வித்தியாசம், இங்க மேல போன தண்ணி தானா வழிஞ்சு திரும்பவும் கீழேயே வரும். வர்ற வழியில பஞ்சு, செராமிக் வளையம் எல்லாத்தையும் தாண்டிச் சுத்தமாகும். ஹீட்டர், ஸ்கிம்மர் மாதிரி அசிங்கமான ஐட்டமெல்லாம் கீழே ஒளிஞ்சுக்கும். மொத்தத் தண்ணியோட அளவும் கூடும். கடல் மீனுக்குத் தண்ணி எவ்வளவு அதிகமோ, அவ்வளவு நிம்மதி.

ரெடிமேடா விலை கேட்டேன். தலை சுத்துச்சு. அதனால நானே செஞ்ச கணக்கு இதோ:

பழைய இரண்டடித் தொட்டி 700
தடுப்புக் கண்ணாடி நாலு 400
சிலிக்கான் இரண்டு ட்யூப் 500
பிவிசி பைப், எல்போ, வால்வு, டேங்க் கனெக்டர் 650
பெரிய தொட்டியில இரண்டு துளை போட 300
மோட்டார் 2,200
பஞ்சு, செராமிக் வளையம் 900
ஆக மொத்தம் 5,650 ரூபாய்.

துளை போடறதுக்கு முன்னாடி ஒண்ணு: டெம்பர்டு கண்ணாடின்னா கைய வைக்காதீங்க, மொத்தமா நொறுங்கிடும். சாதாக் கண்ணாடிதான்னு உறுதியானப்புறம் வைர முனை பிட் வெச்சு, தண்ணி விட்டுக்கிட்டே மெதுவாப் போடணும். சிலிக்கானும் பூஞ்சை தடுக்கிற மருந்து கலந்தது வேணாம். அது மீனையும் தடுத்துடும்.

இரண்டு துளையில ஒண்ணு தினசரி வேலைக்கு. இன்னொண்ணு கொஞ்சம் உயரத்துல. முதல் பைப் அடைச்சுக்கிட்டா இது காப்பாத்தும். சம்ப்புக்குள்ள முதல் அறையில பஞ்சு, அடுத்ததுல வளையம். அப்புறம் மேல, கீழ, மேலன்னு தண்ணி ஏறி இறங்கிப் போற மாதிரி மூணு தடுப்பு. காத்துக் குமிழி மோட்டாருக்குப் போகாம இருக்க. கடைசி அறையில மோட்டார். ஸ்கிம்மருக்கு இடம் மட்டும் விட்டிருக்கேன், காசு சேந்ததும் பாத்துக்கலாம்.

இப்ப முக்கியமான கேள்வி. கரன்ட் போனா என்ன ஆகும்? மோட்டார் நிக்கும். ஆனா மேல இருக்கிற தண்ணி கீழே வழிஞ்சுக்கிட்டே இருக்கும். ஏத்துற பைப்பும் சைஃபனாகி உறிஞ்சி எடுக்கும். அதைத் தடுக்க, அந்தப் பைப்புல தண்ணி மட்டத்துக்குச் சரியா ஒரு இஞ்ச் கீழே சின்ன ஓட்டை போட்டேன். மட்டம் அதுவரை இறங்கினதும் காத்து உள்ள போய் சைஃபன் உடைஞ்சிடும்.

அந்த ஒரு இஞ்ச் எவ்வளவு தண்ணி? என் தொட்டி 36-க்கு 18 இஞ்ச். பெருக்கினா 648 கன இஞ்ச், அதாவது சுமார் 10.6 லிட்டர். சம்ப்பு 24-க்கு 12, அதாவது 288 சதுர இஞ்ச். 648-ஐ 288-ஆல வகுத்தா 2.25. மேல ஒரு இஞ்ச் இறங்கினா கீழே இரண்டேகால் இஞ்ச் ஏறும்! பைப்புல நிக்கிற தண்ணியும் சேத்து, 12 இஞ்ச் சம்ப்புல நாலு இஞ்சை எப்பவும் காலியா வெச்சிருக்கேன். நம்ம பாடத்துல வர்ற வாரா ஐயக்கடன் ஒதுக்கு ஞாபகம் இருக்கா? அதேதான். நல்ல காலத்துலயே கெட்ட காலத்துக்கு எடுத்து வைக்கிறது.

உப்புப் போடறதுக்கு முன்னாடி வெறும் தண்ணியில ஒரு வாரம் ஓட்டி, தினமும் நாலஞ்சு தடவை பிளக்கைப் பிடுங்கிப் பாத்தேன். அப்பா பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து தரையையே பாத்துக்கிட்டிருந்தார். ஒரு சொட்டு இல்ல. "ம்"னார். எங்க வீட்டுல அது நூத்துக்கு நூறு.

மோட்டார் பெட்டியில 2,000 லிட்டர்னு போட்டிருக்கும். நாலடி ஏத்தினா அவ்வளவு வராது. 20 லிட்டர் பக்கெட் நிரம்ப 70 செகண்ட் ஆச்சு, அதாவது மணிக்குச் சுமார் 1,030 லிட்டர். தொட்டித் தண்ணி மணிக்கு ஆறு சுத்து, போதும். 25 வாட் மோட்டார் ராப்பகலா ஓடினா இரண்டு மாசத்துக்கு 36 யூனிட். கரன்ட் பில்லைப் பத்திக் கேட்ட அம்மாவுக்கு இதையும் எழுதிக் குடுத்தாச்சு.

அப்புறம்தான் ஒரு சோதனை வந்துச்சு. தெரிஞ்ச ஒருத்தர் மூலமா, "கடல்லேர்ந்து எடுத்த உயிர்க்கல்லு இருக்கு, சல்லிசாத் தரேன், வளையமெல்லாம் எதுக்கு?"ன்னு ஒரு ஆள் கேட்டார். நிஜமாவே நல்லா வேலை செய்யும் சமாச்சாரம்தான். ஆனா அது பவளப் பாறை. 2001-லேயே பாறை கட்டற பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேத்துட்டாங்க, புலி இருக்கிற அதே அட்டவணை! மன்னார் வளைகுடாவுல சுண்ணாம்புக்கும் சிமென்ட்டுக்கும் வெட்டி எடுத்து ஏற்கெனவே எவ்வளவோ போயிடுச்சு. என் ஹால் அழகா இருக்க, கடல்ல ஒரு வீட்டை இடிக்கணுமா? வேணாம்னுட்டேன். அந்தக் கல்லு செய்ற வேலையைத்தான் சம்ப்புல இருக்கிற வளையம் செய்யுது. அதுல குடியேறுற பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டா, நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். காசு கம்மி, பொறுமை அதிகம்.

பொறுமைன்னா ஆறு வாரம். ஆர்ஓ தண்ணி 200 லிட்டர், லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஏழு கிலோ கடல் உப்புக் கலவை (சமையல் உப்பு இல்ல சாமி!), அடர்த்தி 1.025. மீனே இல்லாத தொட்டியில துளி அம்மோனியா விட்டுட்டு டெஸ்ட் கிட்டோட காத்திருந்தேன். வீட்டுக்கு வந்தவங்க எல்லாம் "மீன் எங்க?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமானப்புறம்தான் இரண்டு நீமோ வந்தாங்க. கடல்ல பிடிச்சது இல்ல, பண்ணையில பொரிச்சது. மண்டபத்துலயும் பரங்கிப்பேட்டையிலயும் நம்ம விஞ்ஞானிகள் இதைப் பொரிக்க வெச்சுக் காட்டியிருக்காங்க, தெரியுமா?

இப்ப வேலை சுலபம். ஆவியாப் போற தண்ணிக்குப் பதிலா வெறும் ஆர்ஓ தண்ணி (உப்பு ஆவியாகாது), வாரம் பத்து சதவீதம் புது உப்புத் தண்ணி, அந்தச் சின்ன ஓட்டையை உப்பு அடைக்காம ஒரு தடவை துடைக்கிறது. சித்திரை வெயிலுக்குச் சம்ப்பு மேல ஒரு குட்டி ஃபேன். அவ்வளவே!

டிஸ்கி: போன வாரம் ராத்திரி இரண்டு மணி நேரம் கரன்ட் கட். டார்ச்சோட ஓடி வந்து பாத்தா, எனக்கு முன்னாடியே அப்பா அங்க நிக்கறார். தரையைப் பாக்கலை. ஒரு டம்ளரால தொட்டித் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்திக்கிட்டிருந்தார். "மோட்டார் நின்னா இதுகளுக்குக் காத்து வேணாமா?"ன்னார்.