உப்புத் தீவு

கரீபியன் ஸமுத்திரத்திலுள்ள கன்னித் தீவுகளுக்கு அப்பெயரிட்டவர் கொலம்பஸ், வருஷம் 1493. ஒரு தீவில் நின்றால் அடுத்த தீவு கண்ணுக்குத் தெரியும். கொண்டல் காற்றோ பெரும்பாலும் தவறாமல் வீசும். பாய்ப் படகேறிய ஸ்நேகிதர் நால்வருக்கு வேறென்ன பாக்கியம் வேண்டும்?

அவற்றுள் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட பகுதியில் உப்புத் தீவு என்று ஒன்று. அங்கு முன்பு குடியிருந்தோர், தம் குட்டைகளில் விளைந்த உப்பில் ஒரு மூட்டையை வருஷந்தோறும் இங்கிலாந்து முடிக்குக் குடிக்கூலியாகச் செலுத்தி வந்தனராம். 1930-ல் உப்புக்காகச் சிறை சென்ற நம்மவர் கேட்டால் நகைப்பார்களோ, சினப்பார்களோ!

1867 அக்டோபர் 29-ந் தேதி 'ரோன்' என்னும் தபால் கப்பல் இங்கேதான் மூழ்கிற்று. புயல் நடுவே சற்று ஓய்ந்தது. அதற்குள் திறந்த கடலுக்குத் தப்பிவிடலாமென்று கப்பலைச் செலுத்தினார் மாலுமித் தலைவர். காற்று எதிர்த் திசையிலிருந்து திரும்பி வந்து பாறையில் மோதியது. கப்பல் இரண்டாய்ப் பிளந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கரையொதுங்கிய உடல்களைத் தீவார் தங்கள் மண்ணில் அடக்கம் செய்தனர். அச்சமாதிகளைக் கண்டபின் எங்களுக்குப் பேச்சு எழவில்லை.

பிற்பகலில் அலை எழும்பியது. "இரவு இங்கேயே தங்கலாமே" என்றார் ஒரு நண்பர். சுக்கான் பிடித்தவர் கரையை ஒரு முறை பார்த்தார். நங்கூரத்தைத் தூக்கச் சொன்னார்.