முன்னோட்டத்தை ஏன் தள்ளிப் போட்டேன்

மூணு வாரமா இங்க ஒண்ணும் எழுதல. மழை ஒரு பக்கம், சம்பா நடவுல களை ஒரு பக்கம், பயிர்க் காப்பீட்டுக்குச் சிட்டாவும் அடங்கலும் எடுக்க அலைஞ்சது ஒரு பக்கம். இதுக்கு நடுவுல வீட்டுல ஒரு சின்னப் பஞ்சாயத்து. நான் எழுதற மடிக்கணினியில ஒரு புதுப்பிப்பு வந்து நின்னுச்சு, போடறதா வேணாமான்னு.

கம்ப்யூட்டர் விஷயம் விவசாயி எழுதறானேன்னு நினைக்க வேணாம். இப்ப சிட்டா எடுக்கறது, காப்பீட்டுக்குப் பதியறது, கரும்புக் கணக்கு எழுதறது எல்லாம் இதுலதான். மோட்டார் ஓடலன்னா எப்படி ஒரு நாள் போகுமோ அப்படித்தான் இதுவும்.

முன்னாடி வெச்சிருந்தது 2014ல எம் பொண்ணு பன்னெண்டாவது படிச்சப்ப அரசாங்கம் குடுத்தது. அவ கல்யாணமாகிப் போனதும் எனக்கு வந்துச்சு. பேட்டரி செத்துப்போச்சு, ஒயர் சொருகினாத்தான் உசுரு. ரெண்டு வருசம் முன்னாடி ஒரு நாள் அது தன்னைத்தானே புதுப்பிச்சுக்கிட்டு இருந்துச்சு. திரையில அணைக்காதீங்கன்னுதான் போட்டிருந்துச்சு. கரண்ட் போற நேரம்னு தெரிஞ்சும் நான்தான் போட்டுவிட்டேன். பாதியில கரண்ட் போச்சு. அப்புறம் எழுந்திருக்கவே இல்ல.

உளுந்தூர்பேட்டையில ஒரு கடையில குடுத்தேன். அந்தப் பையன் எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஏத்திக் குடுத்தான். அவன் மேல குத்தமில்ல, கேட்டுட்டுத்தான் செஞ்சான். ஆனா ஆறு வருச விதைக் கணக்கு போச்சு. எங்கப்பா கரும்புத் தோட்டத்து வரப்புல துண்டைத் தலையில கட்டிக்கிட்டு நிக்கற படம் ஒண்ணு இருந்துச்சு. அவர் நல்லா நடமாடினப்ப எடுத்த கடைசிப் படம் அதுதான். அதுவும் போச்சு. வேற யார்கிட்டயும் அந்தப் படம் கிடையாது.

எங்க ஊரு திருநாவலூர், சுந்தரர் பொறந்த ஊரு. அவர் கல்யாணத்தை நிறுத்த வந்த கிழவர் ஓலையைக் காட்டினதும் இவர் பிடுங்கிக் கிழிச்சுப் போட்டுட்டார். கிழவர் அசரல. நீ கிழிச்சது படியோலை, மூல ஓலை எங்கிட்ட பத்திரமா இருக்குன்னு சொல்லி, திருவெண்ணெய்நல்லூர் சபையில அதை எடுத்துக் காட்டி வழக்கை ஜெயிச்சார். சின்ன வயசுலேர்ந்து கேட்ட கதைதான். படியோலை வெச்சிருக்கணும்னு புத்தி வர எனக்கு அம்பது வயசு தாண்ட வேண்டியிருந்துச்சு. இப்ப ஒரு பென்டிரைவ் அரிசிப் பானைக்குப் பக்கத்துல டப்பாவுல இருக்கு.

போன 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிஞ்சுது. பழைய பெட்டியில 11 ஏறாது, அதுக்கு டி.பி.எம் 2.0ன்னு ஒரு பாதுகாப்புச் சில்லு வேணுமாம். அதனால அதுக்கு முந்தின மாசமே செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கினேன். பேட்டரி ரெண்டு மணி நேரம் நிக்குது. எனக்கு அதுவே பெரிசு.

அக்டோபர் 28, செவ்வாய்க்கிழமை. அன்னிக்குத்தான் மைக்ரோசாஃப்ட் அந்த மாசத்து முன்னோட்டப் புதுப்பிப்பை விட்டுச்சு. சென்னையில கம்ப்யூட்டர் வேலை பாக்கற அக்கா பையனுக்கு போன் போட்டேன்.

"மாமா, மாசா மாசம் ரெண்டாவது செவ்வாய் வர்றது பாதுகாப்புக்கு, அது கட்டாயம் போட்டுக்கணும். மாசக் கடைசியில வர்றது முன்னோட்டம். இஷ்டம் இருந்தா போடலாம். அதுல இருக்கறது எல்லாம் அடுத்த மாசத்துல தானா வந்துடும்."

"அப்ப எதுக்குடா முன்னாடியே விடறான்?"

"யாராவது போட்டுப் பார்த்துக் குறை சொன்னா, அடுத்ததுக்குள்ள சரி பண்ணலாம்ல."

இது எனக்கு உடனே புரிஞ்சுது. வேளாண் பல்கலைக்கழகம் ஒரு நெல் ரகத்தை வெளியிடறதுக்கு முன்னாடி விவசாயிங்க நிலத்துலயே போட்டுச் சோதிக்குது. 2013ல வந்த கோ 51 மாதிரி ரகம்லாம் அந்தச் சோதனையெல்லாம் தாண்டித்தான் நம்ம கைக்கு வருது. நானும் புது ரகம்னா பத்து சென்ட்டுல நட்டுப் பார்த்துட்டுத்தான் மத்ததுக்குப் போவேன். ஆனா எங்கிட்ட இருக்கறது ஒரே ஒரு மடிக்கணினி. அதுல பத்து சென்ட் ஒதுக்க முடியாது.

ஆசை இல்லாமலும் இல்ல. அதுல என்னென்ன இருக்குன்னு அவனே தமிழ்ல படிச்சுச் சொன்னான். பேட்டரிப் படம் நிறம் மாறும்: சார்ஜ் ஏறும்போது பச்சை, இருபது சதவீதத்துக்குக் கீழ மிச்சம் பிடிக்கறப்ப மஞ்சள், ரொம்ப இறங்கினா சிவப்பு. பக்கத்துலயே எத்தனை சதவீதம்னு எண் காட்ட வெச்சுக்கலாம். கண்ணாடி போடாம பாக்கறவனுக்கு இது நல்ல வசதி. ஸ்டார்ட் மெனுவுல எல்லாச் செயலியும் ஒரே பக்கத்துல வந்துடும், இன்னொரு பொத்தானை அமுக்கித் தேட வேணாம்.

எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. புதுப்பிச்சு அணைச்சுடுன்னு ஒரு பொத்தான் இருக்குதே, அதை அமுக்கினா அணையாம திரும்பவும் எழுந்து நிக்கற குறை பல பேருக்கு வருசக் கணக்கா இருந்துச்சாம். அதைச் சரி பண்ணிட்டதா இந்த முன்னோட்டத்துலதான் சொன்னாங்க. அணைன்னா அணையணும். இதுக்கு இத்தனை வருசமா?

எங்க வீட்டுக்காரம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கிட்டே கேட்டுச்சு. "நல்லா ஓடற மோட்டாரை எதுக்குப் பிரிக்கறீங்க? காப்பீடு பதிஞ்சாச்சா?"

பதியல. அதோட பேச்சு முடிஞ்சுது. தொடல.

நாலஞ்சு நாள் கழிச்சு அக்கா பையனே கூப்பிட்டான். "மாமா, போடாததும் நல்லதாப் போச்சு." அந்த முன்னோட்டத்துல புதுசா ஒரு கோளாறு. டாஸ்க் மேனேஜரைப் பெருக்கல் குறி அமுக்கி மூடினா மூடின மாதிரி காட்டும், பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும். மறுபடி திறந்தா இன்னொண்ணு சேரும். களை பிடுங்கின இடத்துல கோரை முளைச்ச கதை. நான் அதைத் திறக்கறதே அபூர்வம், எனக்குப் பெரிய நட்டம் வந்திருக்காதுதான். ஆனாலும் போட்டுப் பார்த்துக் குறை சொன்னாங்களே, முகம் தெரியாத அந்த ஆளுங்களுக்கு என் நன்றி. நவம்பர் 11 வந்த கட்டாயப் புதுப்பிப்புல அதுவும் சரியாயிடுச்சு.

தமிழுக்கும் இந்த வழியிலதான் சிலது வந்திருக்கு. அம்மான்னு ஆங்கில எழுத்துல அடிச்சா தமிழ்ல வர்ற ஒலிப்பு விசைப்பலகை 2019 மே மாசப் புதுப்பிப்புல தமிழோட சேர்த்துப் பத்து இந்திய மொழிக்கு வந்துச்சு. எனக்கு அதுதான் தோது. எம் பொண்ணு தமிழ்99தான் சரின்னு சண்டை போடுவா. இப்ப விண்டோஸ்ல அதுவும் கூடவே இருக்கு. யாருக்கு எது கை பழகினதோ அது. ஆனா இந்தப் புதுப்பிப்புல என்ன மாத்தினாங்கன்னு என் திரையில வர்ற குறிப்பு இங்கிலீஷ்லதான் இருக்கு. தமிழ்ல எழுத வசதி குடுத்தவங்க, எங்கிட்ட சொல்ல வேண்டியதையும் தமிழ்ல சொல்லலாம்.

காப்பீடு பதிஞ்சேன். ரசீதை ரெண்டு எடத்துல வெச்சேன், பென்டிரைவ்ல ஒண்ணு, காகிதத்துல ஒண்ணு. அன்னிக்கு ராத்திரி பேட்டரி நிறைஞ்சதும், ஒயரையும் சொருகி விட்டு, புதுப்பிச்சு அணைச்சுடுன்னு அமுக்கினேன். பக்கத்துல உக்காந்து ரொம்ப நேரம் சதவீதம் ஏறறதைப் பார்த்தேன். முப்பதுல அசையாம நின்னப்ப வயித்துல ஒரு பிசைவு. போய்ப் படுங்கன்னு ரெண்டாவது தடவை சத்தம் வந்ததும் எழுந்து போனேன்.

நாலு மணிக்குப் பால் கறக்க எழுந்தப்ப முதல்ல திண்ணைப் பக்கம்தான் போனேன். திரை கறுப்பா இருந்துச்சு. பக்கவாட்டுல கை வெச்சுப் பார்த்தேன், சில்லுன்னு இருந்துச்சு. அப்புறமும் மனசு கேக்காம பொத்தானை அமுக்கினேன். வந்துச்சு. பேட்டரிப் படம் பச்சையா இருந்துச்சு. புது ஸ்டார்ட் மெனு மட்டும் காணோம். அதை எல்லாருக்கும் ஒரே நாள்ல விடாம கொஞ்சம் கொஞ்சமா விடறாங்களாம். கடைமடைக்குத் தண்ணி வர நாளாகும், நமக்குத் தெரியாததா. மாடு கத்தவும் மூடி வெச்சுட்டுச் சொம்பை எடுத்துக்கிட்டுப் போனேன்.