பள்ளித் தோட்டத்தில் மண்வெட்டி யார் கையில்?

"படிக்க அனுப்பினா மண்ணைக் கொத்த விடுறீங்களே?" மன்னார்குடிப் பக்கம் தொடக்கப் பள்ளியில் தோட்டம் சொல்லித்தரப் போகிறவர் முதலில் கேட்கும் பேச்சு இதுதான். கேட்பவர் பெரும்பாலும் நடவுக்குப் போகும் அம்மா. அவரைக் குறைசொல்ல முடியாது. அரைநாள் படிப்பு, மீதிநேரம் அப்பன் தொழில் என்று 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு, 1954-ல் காமராஜர் ஆட்சியில் கைவிடப்பட்டது. அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

விவரம் தெரிந்தவர் பிள்ளைகளிடம் மண்வெட்டியைத் தருவதில்லை. கொத்துவது பெரியவர் வேலை. பிள்ளைக்கு விதை, அளவுகோல், நோட்டு. தண்ணீர் ஊற்றுவது வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லோருக்கும். ஒரு தெருப் பிள்ளைகளே குப்பை அள்ளினால் அது தோட்டமல்ல.

முதலில் முளைக்கீரை. 25 நாளில் பறித்துச் சத்துணவுக்குக் கொடுக்கலாம். வெண்டை காய்க்க ஒன்றரை மாதம். ஒன்றாம் வகுப்புக்கு அது ஒரு யுகம்!

நம் களிமண்ணில் ஐப்பசி மழைக்கு வேர் அழுகும். பாத்தியை ஒரு சாண் உயர்த்தி, வடிகால் வெட்ட வேண்டும். இடமில்லாத பள்ளி தொட்டியில் வளர்க்கலாம். மத்திய அரசின் 2019 வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. மே விடுமுறையில் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதை மட்டும் முன்பே பேசிவிடுங்கள். பெரும்பாலான தோட்டங்கள் காய்வது அப்போதுதான்.

கீரையைப் பற்றிப் பிள்ளை வீட்டில் சொன்ன பிறகு, அதே அம்மா வாசலில் நின்று சுரை விதை கேட்பதும் உண்டு. ஆடியில் ஊன்றச் சொல்லிக் கொடுக்கலாம்.