பக்கத்து வீட்டு ஸ்கிடூ

பக்கத்து வீட்டுக் கனடாக்காரருக்கு 78 வயது. அவரிடம் 1970களில் வந்த ஸ்கிடூ எலான் ஒன்று இருக்கிறது. 247 சிசி, ஒற்றைச் சிலிண்டர் ரோட்டாக்ஸ் எஞ்சின், கயிறு இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். போன மாசியில் மீன் பிடிக்கப் போனபோது சிம்கோ ஏரியின் நடுவில், ஐஸுக்கு மேல் அது நின்றுவிட்டது. மனுசன் எதிர்க்காற்றில் கரைவரை நடந்தே வந்திருக்கிறார். பிளக் ஓட்டையால் டோர்ச் அடித்துப் பார்த்தேன். பிஸ்டன் தலையில் ஓட்டை. ஐந்து வருடத்தில் இது இரண்டாவது பிஸ்டனாம்.

"இன்னொன்று போட்டால் சரிதானே" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பிஸ்டன் சும்மா உருகாது.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங் இருக்கும் பெட்டிக்கும் ஒரு வேலை உண்டு. பெற்றோலும் காற்றும் கலந்து முதலில் அதற்குள்தான் வரும். பிஸ்டன் கீழே இறங்கும்போது அழுத்தப்பட்டு, பிறகுதான் மேலே போகும். அதனால் கிராங்கின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் சீல் காற்றுப் புகாமல் பிடிக்க வேண்டும். வயது போனால் ரப்பர் விறைக்கும். வெளிக்காற்று உள்ளே புகுந்தால் பெற்றோல் போதாத கலவை சூடாக எரியும். குளிர் கூடக் கூடக் காற்று அடர்த்தியாகி, இன்னும் மோசம்.

ஆகவே பிரிப்பதற்கு முதல் பிளைவீலைக் கழற்றி, கார்புரேட்டர் வாயையும் எக்ஸோஸ்ட் வாயையும் அடைத்து, கைப்பம்பால் மெல்ல 6 பிஎஸ்ஐ ஏற்றினேன். முள் நிற்கவில்லை, இறங்கிக்கொண்டே வந்தது. சவர்க்காரத் தண்ணீர் பூசினால் மக்னீற்றோப் பக்கத்துச் சீலில் குமிழி குமிழியாய்! இரண்டு பிஸ்டனைத் தின்ற கள்ளன் அதுதான். புதுச் சீல் இரண்டும் ஒரு பீட்சா விலை.

ஆனால் வேலை அதோடு முடியாது. பிஸ்டன் உருகினால் அலுமினியத் துகள் கிராங் பேரிங்குக்குள் இறங்கிவிடும். போனமுறை திருத்தியவர்கள் அடிப்பெட்டியைத் திறக்கவே இல்லை. நான் பிரித்துக் கழுவி, பேரிங் மாற்றி, சிலிண்டரை அடுத்த சைஸுக்குக் குடையக் கொடுத்தேன். ஆறு கிழமை போயிற்று. "இஞ்சேருங்கோ, எங்கட காரை எப்ப உள்ள விடப்போறியள்?" என்று மனிசி தினமும் கேட்டா.

இந்த வண்டி பிறந்த கதையும் நினைவுக்கு வந்தது. 1934இல் கியூபெக்கில் பனி தெருவை மூடிக்கிடந்தபோது, பொம்பார்டியே தன் இரண்டு வயது மகனை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியாமல் பறிகொடுத்தவர். பனிமேல் ஓடும் வண்டிக்கு அவர் பட்ட பாடு பெரிது; முதல் ஸ்கிடூ வெளிவந்தது 1959இல். போனால் திரும்பி வரவேண்டிய வண்டி இது.

பூட்டி முடித்ததும் மறுபடி 6 பிஎஸ்ஐ ஏற்றிப் பத்து நிமிடம் பார்த்தேன். முள் அசையவில்லை. மூன்றாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. முன்னைய வளவெல்லாம் நீலப்புகை. அவருக்கு உடனே ஏரிக்குப் போகவேண்டுமாம். முதல் டாங்கி பெற்றோல் முடியும்வரை வளவுக்குள்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.